பைலட் காளையும் பதினைந்தாவது ஊசியும்

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு வணக்கம். போன மாதம் பயிற்சி வகுப்பில் பேசுவதற்கு என்னை அழைத்திருந்தார்கள். நீங்கள் பதினோரு பேர் வந்திருந்தீர்கள். போட்டிருந்த நாற்காலி பத்து. நின்றுகொண்டிருந்த அந்த ஒருவரைப் பற்றிய கவலையிலேயே என் பேச்சு போய்விட்டது. போதாததற்கு, தலைக்கு மேல் மின்விசிறி இப்போது விழட்டுமா அப்புறம் விழட்டுமா என்று ஆடிக்கொண்டிருந்தது. சொல்ல வந்ததைச் சொல்லாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதனால் எழுதி அனுப்புகிறேன். எல்லோரும் உட்கார்ந்து படியுங்கள்.

நான் ஒரு நூற்பாலையில் இருப்புக் கணக்கு பார்த்தவன். ஆலையை மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தேன். அங்கே நூல்கண்டு எண்ணினேன், இங்கே ஊசி எண்ணினேன். ஊசி வழியாகப் போதை மருந்து ஏற்றிக்கொள்கிறவர்களுக்குப் புது ஊசி கொடுத்து, பழைய ஊசியைத் திரும்ப வாங்குவதுதான் நம் வேலை. ஒரே ஊசியை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டால் ஹெபடைடிஸ் சி வரும். அது வந்த ஆளுக்கே தெரியாமல் வருஷக்கணக்கில் உள்ளே உட்கார்ந்து ஈரலைத் தின்னும். வெளியே தெரியவரும்போது வயிறு வீங்கியிருக்கும். இதெல்லாம் உங்களுக்குப் பாடமாக நடத்தியிருப்பார்கள். புது ஊசி ஏன், பழைய ஊசி எதில், பெட்டி எங்கே என்பதற்குள் நான் போகவில்லை.

நான் சேர்ந்த புதிதில், அரசு மருத்துவமனையில் இருந்த செவிலியர் ஒருவர் எனக்கு ஒரே ஒரு விதி சொன்னார். அவர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். "சார், ஊசியைப் பத்திக் கேட்டா ஊசியைப் பத்திச் சொல்லுங்க. ஆளைப் பத்திக் கேட்டா உங்களைப் பத்திச் சொல்லுங்க. அடுத்தவங்க பேரு உங்க வாயில வரக்கூடாது." நான் தலையாட்டினேன். தலையாட்டுவது எவ்வளவு சுலபம் என்பது பிறகுதான் தெரிந்தது.

இனி வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்ட இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு, அவர்கள் சொல்லச் சொன்ன பிறகே எழுதுகிறேன். காளையின் பெயரை மட்டும் மாற்றவில்லை. காளைக்கு மறைக்க ஒன்றுமில்லை.

அவனியாபுரத்தில் சோணைமுத்து என்று ஒருவர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தார். பட்டறைக்குப் பின்னால் மாட்டுக் கொட்டம். அதில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளை. விமான நிலையச் சுற்றுச்சுவருக்குப் பக்கத்தில் பிறந்ததால் பைலட் என்று பெயர். சோணைமுத்துவின் தங்கை கலாவைக் கட்டியவன் பாண்டி. முப்பத்து நாலு வயது. மச்சானுடைய பட்டறையிலேயே வேலை, பைலட்டைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பும் அவனுக்கே. பாண்டி நம்முடைய பயனாளி. இது பட்டறையில் யாருக்கும் தெரியாது, வீட்டிலும் தெரியாது.

நம் முகாமில் எடுத்த முதல் பரிசோதனையில் பாண்டிக்கு ஹெபடைடிஸ் சி இருப்பதாகக் காட்டியது. அரசு மருத்துவமனைக்குப் போய் இன்னொரு ரத்தப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்த வேண்டும். பிறகு மூன்று மாதம் தினம் மாத்திரை. மாத்திரை இலவசம். பெரும்பாலும் குணமாகிவிடும். ஆனால் பாண்டி போகவில்லை.

"எங்க மச்சானுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே தங்கச்சியக் கூட்டிட்டுப் போயிருவாரு சார்" என்பான். "ஆஸ்பத்திரில எந்த வரிசையில நின்னாலும் அவனியாபுரத்து ஆளு ஒருத்தன் முன்னாடி நிக்கிறான், ஒருத்தன் பின்னாடி நிக்கிறான். நடுவுல நான் எப்படி நிப்பேன்?"

"மாஸ்க் போட்டுக்கோ."

"பட்டறையில மொகமூடி போட்டுத்தான் வேலை பாக்கேன். மொகமூடியோட பாத்தாத்தான் எல்லாருக்கும் என்னைய அடையாளம் தெரியும்."

ஆறு மாதம் இப்படியே போனது. அவன் வரும்போதெல்லாம் கண் மஞ்சளாகிறதா என்று பார்ப்பேன், வயிற்றைப் பார்ப்பேன், இரவில் அவன் ஈரலை நினைத்துப் புரண்டு படுப்பேன்.

பொங்கல் வந்தது. அந்தப் பகுதிக்குப் போகிற களப்பணியாளர் விடுப்பில் போய்விட்டதால் இரண்டு வாரம் நானே போனேன். முதல் வாரம் பதினைந்து ஊசி கொடுத்தேன். அடுத்த வாரம், பொங்கலுக்கு முந்தைய நாள் மத்தியானம், பழையதை வாங்கக் கொட்டத்துக்குப் போனேன். பாண்டி பெட்டியைக் கொடுத்துவிட்டு, "எல்லாம் எண்ணித்தான் சார் போட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்கு ஓடிவிட்டான். நான் பெட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். பதினாலு. மறுபடி பார்த்தேன். பதினாலுதான்.

வேறு யாராக இருந்தாலும் பெட்டியோடு திரும்பி வந்திருப்பார்கள். உங்களில் யாராவது இருந்திருந்தால் நிச்சயம் வந்திருப்பீர்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பதினைந்தாவது ஊசி கூளத்தில் விழுந்து கிடக்கிறது. அதைக் காளை மிதிக்கும், இல்லை காளையைக் கழுவ வருகிறவர் மிதிப்பார், பொங்கலும் அதுவுமாய் வெறுங்காலோடு யாராவது வருவார்கள். பையிலிருந்து இடுக்கியை எடுத்தேன். பைலட்டைப் பார்த்தேன். பைலட் என்னைப் பார்த்தது. எனக்குக் காளை என்றால் பயம். ஆனால் எண்ணிக்கை குறைந்தால் அதைவிடப் பயம். குனிந்து அதன் வயிற்றுக்கு அடியில் இடுக்கியை விட்டுக் கூளத்தைக் கிளற ஆரம்பித்தேன்.

பைலட் வேற்றாளை அண்டவே விடாது என்று அவனியாபுரத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அது செய்தது இதுதான்: என் ஸ்வெட்டரை நக்கியது. மார்கழி, தை இரண்டு மாதமும் நான் ஸ்வெட்டர் போடுவேன். மதுரைக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று கேட்காதீர்கள், நெஞ்சுச் சளி வந்தால் யார் பார்ப்பது? மாதத்துக்கு ஒரு முறைதான் துவைப்பேன். அதில் ஊறியிருந்த உப்பு காளைக்குப் பிடித்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு நக்கியது.

அந்த நேரம் பருத்திக்கொட்டை வாளியோடு சோணைமுத்து உள்ளே வந்தார்.

அவர் கண்ட காட்சியை நீங்களே யோசித்துப் பாருங்கள். நாளைக்கு வாடிவாசலில் அவிழ்க்க வேண்டிய காளை. அதன் வயிற்றுக்கடியில் ஸ்வெட்டர் போட்ட ஒரு கிழவன். கையில் இடுக்கி, பக்கத்தில் பெட்டி நிறைய ஊசி. காளையோ கண்ணை மூடி நிற்கிறது.

வாளி கீழே விழுந்தது. "டேய்! ஓடியாங்கடா! பைலட்டுக்கு ஊசி போட்டுட்டான்டா!"

பட்டறை ஆட்கள் ஏழு பேர் ஓடி வந்தார்கள். ஏழாவது ஆள் பாண்டி. அவன் முகம் சுண்ணாம்பாய் இருந்தது.

ஒரு விஷயம் என்னைக் காப்பாற்றியது. காளைக்காக அந்த வீட்டில் விரதமிருந்து காப்புக் கட்டியிருந்தார்கள். அவிழ்க்கிற வரை யார்மேலும் கை ஓங்கக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது. சோணைமுத்துவின் கை மேலே போய் மேலேயே நின்றது. வாய் திறந்து, சொல் கிடைக்காமல் தவித்தது.

"யோவ் பெருசு! நீ ஒரு... நீ ஒரு... நீ சரியில்லாத ஆளுய்யா!"

"ஆமாண்ணே, ரொம்பச் சரியில்லாத ஆளு" என்றார் பக்கத்தில் இருந்த ஒருவர், தன்னால் முடிந்த அளவு கடுமையாக.

"எவன்யா அனுப்புனது? என்ன மருந்து போட்ட? எம்புட்டுப் போட்ட?"

"நான் காளைக்கு ஊசி போடவில்லை" என்றேன். "ஊசி என்றால் எனக்கே பயம்."

"அப்பறம் ஏன்யா பைலட் இப்படிச் சொக்கிப்போயி நிக்கிது?"

"அது என் ஸ்வெட்டரை நக்குகிறது."

உண்மை சில நேரம் பொய்யைவிட மோசமாகக் காதில் விழும். காளை மயக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்க, கட்டை அவிழ்த்துவிட்டு ஒருவர் அதன் முகத்துக்கு முன்னால் சிவப்புத் துண்டை வீசினார். பைலட் கண்ணைத் திறந்தது. அடுத்த நிமிஷம் அந்த மனிதர் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தார். இன்னொருவர் கூரைச் சட்டத்தில் தொங்கினார். சோணைமுத்துவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "எஞ்சாமி! ஒண்ணும் ஆகலடா!" என்று காளையின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

அது மறுபடி கட்டுத்தறிக்குப் போன பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது.

"காளைக்கு இல்லைன்னா, இந்த ஊசியெல்லாம் யாருக்கு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் யாரையும் பார்க்கவில்லை. ஒருவரைப் பார்த்தால் போதும், அந்தக் கொட்டத்தில் ஒரு குடும்பம் முடிந்தது. மெதுவாகக் கூரையைப் பார்த்தேன். கூரையில் இன்னும் ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தார்.

"ஆளைச் சோதிங்கடா" என்றார் சோணைமுத்து. ஸ்வெட்டர் பைக்குள் ஒரு கை போனது. வெளியே வந்தபோது அதில் ஒரு ஊசி. உறை லேசாகக் கிழிந்த புது ஊசி. போன வாரம் கிழிந்திருக்கிறதே என்று நான் தனியாக எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு, அதையும் சேர்த்துப் பதினைந்து என்று எழுதிக்கொண்ட அதே ஊசி.

என்னை மறந்துவிட்டேன். "அப்பாடா! கிடைத்துவிட்டதா!" என்று இரண்டு கையையும் நீட்டினேன். பேரப்பிள்ளையைப் பார்த்தவன்போல் சிரித்தேனாம். பாண்டி பிறகு சொன்னான்.

ஊசியைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்படுகிறவனைப் பற்றி எவருக்கும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஒருவர் என் சட்டைக் கையை மடித்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டிய பிளாஸ்திரி. காலையில்தான் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்திருந்தேன்.

"அண்ணே, இங்க பாருங்க. இன்னைக்கும் போட்ருக்காப்ல."

"இந்த வயசுலயா?" என்றார் சோணைமுத்து. கோபம் போய்க் குரல் மாறியிருந்தது. "இம்புட்டும் நீ போட்டதா? இருவது இருக்கும் போலயே."

"பதினாலு" என்றேன். திருத்தாமல் இருக்க முடியவில்லை. பிறகு அந்தச் செவிலியரின் விதி நினைவுக்கு வந்தது. ஆளைப் பற்றிக் கேட்கிறார்கள். "எனக்குத்தான்" என்றேன்.

பாண்டி மூச்சை விட்டது எனக்குக் கேட்டது.

யாரோ போலீஸைக் கூப்பிடலாம் என்றார். சோணைமுத்து மறித்தார். "வேணாம். எந்தம்பி குடிச்சுக் குடிச்சு வயிறு பானையா வீங்கி இதே பட்டறையிலதான் செத்தான். பாத்துக்கிட்டே நின்னேன். இது காப்புக் கட்டுன வீடு. நம்ம கொட்டத்துல வந்து விழுந்த ஆளைப் போலீஸ்ல குடுத்தா சாமி கேக்கும். பெருசு, பொங்கல் முடியட்டும். ஒன்னைய நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். மாப்ள!"

"மச்சான்?" என்றான் பாண்டி.

"இந்தாளு இனிமே ஒன் பொறுப்பு. ஊசி போடுறவனுக்கு ஈரல் போயிருமாம்ல. ரத்தம் எடுத்து, மருந்து வாங்கி, எல்லாம் நீ கூட நின்னு பாக்கணும். தப்பிச்சு ஓடுனான்னா நான் ஒன்னையத்தான் கேப்பேன்."

இளைய நண்பர்களே, ஆறு மாதமாக நானும் நம் அலுவலகமும் யோசித்து, மூன்று கூட்டம் போட்டுத் தீர்க்க முடியாத சிக்கல் அது. பாண்டி யாருக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையோ, அவரே அவனைப் போகச் சொல்லிவிட்டார்.

பொங்கல் கழிந்த திங்கட்கிழமை ஷேர் ஆட்டோவில் போனோம். தப்பி ஓடாமல் இருக்க என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். என்னவென்று ஓட்டுநர் கேட்டார். சோணைமுத்து ஒளிக்காமல் சொன்னார். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "காலையில வெறும் வயித்துல சோத்துக் கத்தாழை சாப்பிடுங்க பெருசு" என்றார். ஆட்டோவில் இருந்த எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள்.

மருத்துவமனையில் எதிர்ப்பட்டவர் அதே செவிலியர்தான். "வாங்க சார்! இன்னைக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

"இன்றைக்கு இவர் என்னைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்" என்று சோணைமுத்துவைக் காட்டினேன்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். சோணைமுத்துவைப் பார்த்தார். பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற பாண்டியைப் பார்த்தார். முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. "சரி. நோயாளிகூட ஒருத்தர்தான் உள்ள வரலாம். வயசுல சின்னவர் வரட்டும்."

சோணைமுத்து என் காதருகே குனிந்தார். "நர்ஸம்மா சார்ங்குது. இங்க இம்புட்டுப் பழக்கமா ஒனக்கு? எத்தனை வருசமாய்யா வந்து போற?"

உள்ளே பாண்டி ரத்தம் கொடுத்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு எடுத்தாலும் பிறருக்கு எடுத்தாலும் என்னால் பார்க்க முடியாது. வெளியே வரும்போது காட்ட வேண்டுமே என்று என் கையிலும் ஒரு பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்கள். நோய் உறுதியானது. ஈரல் அதிகம் கெடவில்லை. மாத்திரை கொடுத்தார்கள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். சோணைமுத்து மாத்திரைப் புட்டியை வாங்கிப் பாண்டியின் கையில் கொடுத்தார். "இது பட்டறையில இருக்கட்டும். பெருசு தினம் காலையில இங்க வந்து என் கண்ணு முன்னாடி முழுங்கணும். ஊசி போடுறவன் பேச்ச நம்ப முடியாது."

அப்படியாக, மூன்று மாதம் நான் தினமும் அலுவலகத்துக்குப் போகும் வழியில் அவனியாபுரத்தில் இறங்கினேன். என் சர்க்கரை மாத்திரையைப் பாண்டியிடம் முன்பே கொடுத்துவைத்திருந்தேன். அவன் அதை என் உள்ளங்கையில் வைப்பான், நான் முழுங்குவேன். சோணைமுத்து டார்ச் அடித்து நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பார். பாண்டி தண்ணீர்ச் செம்பை வைக்க உள்ளே போகிற சாக்கில் தன் மாத்திரையைப் போட்டுக்கொள்வான். பட்டறைக்கு வருகிற வாடிக்கையாளர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இரும்புக் கேட்டுக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர் என் தோளைத் தட்டி, "விட்றாதீங்க, மனசு வச்சா முடியும்" என்றார்.

வீட்டுக்கும் செய்தி போயிற்று. ஒரு நாள் நான் போனபோது என் மனைவி சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்திருந்தாள். "நீங்க ஊசி போடுறீங்கன்னு பூக்காரம்மா துக்கம் விசாரிக்குது. ரத்தம் எடுக்க வந்தாலே மயங்கி விழுற ஆளு. இத எவன் நம்புவான்?"

"அவனியாபுரம் முழுக்க நம்புகிறது" என்றேன்.

இரண்டாவது மாதம்தான் நிஜமான சிக்கல் வந்தது. பாண்டி தன் வீட்டு விசேஷத்துக்கு வாங்கின சாமானை இறக்கிக்கொண்டிருந்தான். சோணைமுத்து பொறுமை இழந்து தானே புட்டியைத் திறந்து, மாத்திரையை எடுத்து என் கையில் வைத்துவிட்டார். "முழுங்கு பெருசு. எனக்கு வேலை கெடக்கு."

அது பாண்டியின் மாத்திரை. எண்ணிக் கொடுத்தது. நான் முழுங்கினால் பாண்டிக்கு ஒரு நாள் குறையும். எனக்கு இல்லாத நோய்க்கு மருந்தும் சேரும். முழுங்காவிட்டால் சந்தேகம் வரும். டார்ச் என் வாய்க்கு நேராக நின்றது. கையை வாய்க்குக் கொண்டுபோகும்போது டார்ச்சில் இடித்துவிட்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, தானாகத்தான் இடித்தது. மாத்திரை கீழே விழுந்து உருண்டு கடைசல் எந்திரத்துக்கு அடியில் போய்விட்டது. பாண்டி ஓடி வந்தான், மூன்று பேரும் மண்டியிட்டுத் தேடினோம். பாண்டிதான் எடுத்தான். பேன்ட்டில் துடைத்தான். வாயில் போட்டுக்கொண்டான்.

சோணைமுத்து மண்டியிட்டபடியே அவனைப் பார்த்தார். "நீ ஏன்டா தின்ன?"

பாண்டி மாத்திரையை முழுங்கினான். "தரையில விழுந்தத வயசானவருக்குக் குடுக்கக் கூடாதுல்ல மச்சான். அதான்... வீணாப் போகக் கூடாதுன்னு..."

"மருந்தய்யா அது! முறுக்கா?"

"கவர்மெண்டு மருந்து மச்சான். வெலை கூட."

சோணைமுத்து எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார். என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எந்தங்கச்சி வீட்லயும் இப்படித்தான். பழைய கொழம்பக்கூடக் கொட்ட விட மாட்டான். சரி, பெருசுக்கு இன்னொண்ண எடு." பாண்டி என் சர்க்கரை மாத்திரையை எடுத்துக் கொடுத்தான்.

மூன்று மாதம் முடிந்தது. அப்புறம் மூன்று மாதம் காத்திருந்து மறுபடி ரத்தம். செவிலியர் காகிதத்தைப் பார்த்து, "கிருமி இல்லை" என்றார். பாண்டி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். வெளியே நின்ற சோணைமுத்து, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "போய்விட்டது" என்றேன். அவர் அழுதார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்று, யாரை முதலில் தேற்றுவது என்று தெரியாமல் ஸ்வெட்டரைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆகஸ்ட் மாதம் எதற்கு ஸ்வெட்டர் என்றால், மருத்துவமனையில் அந்த அறையில் குளிர் அதிகம்.

பாண்டி ஊசியை விட்டானா என்று கேட்பீர்கள். அன்றே விடவில்லை. கிருமி போனாலும், அடுத்தவர் போட்ட பழைய ஊசி உள்ளே போனால் திரும்ப வரும். அதனால் புது ஊசி கொடுப்பதை நாம் நிறுத்தவில்லை. பிறகு மெல்ல மெல்ல விட்டான். ஒருவர் விட்டால்தான் அவருக்கு மருந்து என்று எந்த விதியும் இல்லை. இருந்தால் அதை மறந்துவிடுங்கள்.

அடுத்த பொங்கலுக்குச் சோணைமுத்து என்னை அழைத்தார். பட்டறை வாசலில் நூறு பேருக்குக் குறையாத கூட்டம். ஒலிபெருக்கி. என் கழுத்தில் துண்டைப் போட்டு, "இவரு இருவது வருசமா ஊசி போட்ட மனுசன்! இன்னைக்குச் சுத்தமா வந்து நிக்கிறாரு!" என்றார். இருபது வருஷம் என்பதைத் திருத்த வாயெடுத்தேன். எதை வைத்துத் திருத்துவது என்று தெரியவில்லை. பைலட் வந்து ஸ்வெட்டரை நக்கியது. கைதட்டினார்கள்.

அன்றிலிருந்து ஒரு வேடிக்கை நடந்தது. நான் அத்தனை வருஷம் துண்டுப் பிரசுரம் கொடுத்தும் என்னிடம் பேசாதவர்கள் வந்து பேசினார்கள். லோடு ஆட்டோக்காரர் ஒருவர், "அண்ணே, நீங்க அனுபவிச்சவரு. எந்த ஆஸ்பத்திரி?" என்றார். அதற்கடுத்து இன்னும் இருவர். படித்தவன் சொன்னால் கேட்காதவர்கள், கெட்டுத் தேறியவன் சொன்னால் கேட்டார்கள். நான் கெடவே இல்லை என்று சொல்ல எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. ஆனால் இதை நீங்கள் செய்யாதீர்கள். உண்மையிலேயே அதைக் கடந்து வந்தவர்கள் நம் அலுவலகத்தில் களப்பணியாளர்களாக இருக்கிறார்கள். அவர்களை முன்னால் விடுங்கள். எனக்கு நேர்ந்தது விபத்து.

அந்தத் தை பிறந்து பத்து நாள் இருக்கும். சோணைமுத்து என்னைக் கொட்டத்துக்குள் தனியாகக் கூப்பிட்டார். பைலட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சட்டையைக் கழற்றினார். புஜத்தில் ஒரு காளை பச்சை குத்தியிருந்தது. திமில் மங்கி நீலமாய்ப் பரவியிருந்தது.

"அண்ணே" என்றார். அதுவரை பெருசு என்றவர் அப்போதுதான் முதல்முறையாக அண்ணே என்றார். "உசிலம்பட்டிப் பக்கம் திருவிழாவுல குத்துனது. எளவட்டத்துல. ஒரே ஊசிதான். வரிசையா நின்னோம். இப்ப கொஞ்ச நாளா அசதியா வருது. சோறு எறங்க மாட்டேங்குது. இந்த நோவு... அதுலயும் வருமா?"

"வரிசையில் உங்களுக்கு முன்னால் எத்தனை பேர்?" என்றேன்.

"அத எவண்ணே எண்ணுனான்?"

என் வாழ்க்கையில் அதைவிடப் பயங்கரமான பதிலை நான் கேட்டதில்லை. "நாளைக்கே போகலாம்" என்றேன்.

"மாப்ளைக்குத் தெரிய வேணாம்ணே. தங்கச்சி காதுக்குப் போயிரும். மச்சானுக்கு நோவுன்னு தெரிஞ்சா பட்டறையில எவனும் மதிக்க மாட்டான்."

பாண்டி ஒரு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே பயம். நான் தலையாட்டினேன்.

மறுநாள் ஷேர் ஆட்டோவில் இருவரும் போனோம். இந்த முறை அவர் நடுவில் உட்கார்ந்தார். அதே ஓட்டுநர். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "என்ன பெருசு, மறுபடியுமா?" என்றார். சோணைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாம், மறுபடிதான்" என்றேன்.

மருத்துவமனை வாசலில் செவிலியர் நின்றிருந்தார். "வாங்க சார். இன்னைக்கு யாரைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சோணைமுத்து முந்திக்கொண்டார். அவர் காதுமடல் சிவந்திருந்தது. "நாந்தாம்மா இவரக் கூட்டிட்டு வந்தேன்" என்றார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். முகத்தில் இந்த முறையும் ஒரு கோடு அசையவில்லை. "நல்லதாப் போச்சு. வந்ததுக்கு ரெண்டு பேருக்கும் எடுத்துருவோம். சார், நீங்க முதல்ல உக்காருங்க."

நான் உட்கார்ந்தேன். சட்டைக் கையை மடித்து நீட்டினேன். முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, சுவரில் பதித்திருந்த ஓடுகளை எண்ண ஆரம்பித்தேன்.